படுக்கையில் விழுந்தால் யார் பார்த்துக்கொள்வது? முதியோர் கொள்கையின் கடினமான பகுதி

முதியோருக்கான தேசியக் கொள்கை என்ற தலைப்பில் எந்த அரசின் ஆவணத்தைப் புரட்டினாலும் முதலில் ஓய்வூதியம் இருக்கும், அடுத்து மருத்துவம். அப்புறம் பயணச் சலுகை, அடையாள அட்டை, முதியோர் இல்லம் என்று பட்டியல் நீளும். இவற்றில் எதுவும் வேண்டாதது அல்ல. ஆனால் ஒருவரால் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போக முடியவில்லை, தானாகக் குளிக்க முடியவில்லை என்ற நிலை வரும் நாளில் என்ன நடக்கும்? யார் வருவார்கள், தினமும் வருவார்களா, அவர்களுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் தேடினால் பெரும்பாலும் ஒரே வரிதான் கிடைக்கும்: அது குடும்பத்தின் பொறுப்பு.

ஒரு நாட்டின் முதியோர் கொள்கை எவ்வளவு உண்மையானது என்பதை அந்த ஒரு நாளை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. பணமும் மருந்தும் அரசுகளுக்குப் பழகிய விஷயங்கள். அன்றாடப் பராமரிப்பு அப்படியல்ல. அது வீட்டுக்குள், சம்பளமில்லாமல், பெரும்பாலும் பெண்களின் கையால் நடந்துவந்திருக்கிறது. அதனால் அது செலவுக் கணக்கிலேயே வரவில்லை. இன்று குழந்தைகளின் எண்ணிக்கை குறைகிறது, பெண்கள் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகள் வேறு ஊர்களில் இருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இருப்பார் என்ற கணிப்பின் மேல் கட்டிய கொள்கை அதனால்தான் ஆட்டம் காண்கிறது.

எவ்வளவு வேகம்?

சமூகம் மூப்படைவது என்றால் மக்கள் நீண்ட காலம் வாழ்வது என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறோம். அது பாதிதான். மக்கள்தொகையில் முதியோரின் பங்கு கூடுவதற்குப் பெரிய காரணம் பிறப்பு குறைவது. பிறப்பு எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, சில பத்தாண்டுகள் கழித்து மூப்பும் அவ்வளவு வேகமாக வந்து சேரும்.

65 வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர பிரான்சுக்கு 115 ஆண்டுகள் ஆயின, ஸ்வீடனுக்கு 85 ஆண்டுகள். ஜப்பான் அதே தூரத்தை 1970இல் தொடங்கிச் சுமார் 25 ஆண்டுகளில் கடந்தது. தென் கொரியா 2000இல் 7 சதவீதத்தைத் தொட்டது, 2018இல் 14 சதவீதத்துக்குப் போய்விட்டது, 2024 முடிவதற்குள் 20 சதவீதத்தை எட்டியது. பிரான்சுக்குச் சட்டம் போட்டு, தவறு செய்து, திருத்தி, மறுபடி திருத்த நான்கு தலைமுறைகள் இருந்தன. கொரியாவுக்கு ஒரு தலைமுறைகூட இல்லை. 1988இல்தான் அங்கே தேசிய ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. அதில் போதிய ஆண்டுகள் பணம் கட்டாமலே லட்சக்கணக்கானோர் முதுமைக்குள் நுழைந்துவிட்டார்கள். செல்வந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியில் முதியோர் வறுமை மிக அதிகமாக உள்ள நாடாகக் கொரியா பல ஆண்டுகள் இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு முதியோர் அங்கே வறுமைக்கோட்டுக்குக் கீழே.

இனி இந்த வேகம் ஏழை நாடுகளுக்கும் வரப்போகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பில் 2030க்குள் உலகில் ஆறு பேரில் ஒருவர் 60 வயதைத் தாண்டியிருப்பார். 2050இல் அந்த வயதினர் 210 கோடி. அவர்களில் 80 சதவீதம் பேர் குறைந்த வருமான, நடுத்தர வருமான நாடுகளில் இருப்பார்கள். ஐரோப்பா பணக்காரக் கண்டமான பிறகு முதுமை அடைந்தது. இந்த நாடுகள் பலவற்றில் வருமானம் உயர்வதற்கு முன்பே முதுமை வந்துவிடும்.

உலக அளவில் பேச்சுக்குக் குறைவில்லை. 1982இல் வியன்னாவில் முதல் உலக மாநாடு, 2002இல் மாட்ரிட்டில் இரண்டாவது, 2021 முதல் 2030 வரை ஐ.நா.வின் ஆரோக்கியமான முதுமைக்கான பத்தாண்டு. மாட்ரிட் செயல்திட்டத்தை 150க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றுக்கொண்டன. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன, முதியோருக்கு இன்னும் இல்லை. அப்படி ஒன்றை எழுதுவதற்கான பணிக்குழுவை அமைக்க ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2025 ஏப்ரலில்தான் முடிவெடுத்தது.

ஓய்வு வயது என்ற கோடு

ஓய்வூதியத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. ஆகவே இங்கே முக்கியமான சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889இல் வந்த முதுமைக் காப்பீட்டில் ஓய்வூதிய வயது 70. அதை 65ஆகக் குறைத்தது 1916இல். பிரிட்டனின் 1908ஆம் ஆண்டுச் சட்டத்திலும் வயது 70தான். அன்று அந்த வயதை எட்டியவர்கள் சிலரே. இன்று 65 வயதில் ஓய்வு பெறும் ஒருவர் பல நாடுகளில் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ்கிறார். வாரன் சாண்டர்சன், செர்கெய் ஷெர்போவ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு வேறொரு கணக்கைச் சொன்னார்கள். பிறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று பார்க்காமல், இன்னும் சராசரியாக 15 ஆண்டு வாழ்நாள் மீதமிருக்கும் கட்டத்திலிருந்து முதுமையை எண்ணலாம் என்றார்கள். அப்படி எண்ணினால் உலகம் மூப்படையும் வேகம் அவ்வளவு பயமுறுத்துவதாக இருக்காது.

சரி, அப்படியானால் ஓய்வு வயதை ஆயுளோடு சேர்த்து உயர்த்திக்கொண்டே போகலாமே? டென்மார்க் அதைத்தான் செய்கிறது. 2006இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி அங்கே ஓய்வு வயது சராசரி ஆயுளோடு கட்டப்பட்டது. 2040இல் அது 70 ஆகும் என்று 2025இல் நாடாளுமன்றம் வாக்களித்தது. கணக்குக்கு இது அழகாகப் பொருந்துகிறது. ஆனால் ஆயுள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கூடுவதில்லை. மூட்டை தூக்கியவருக்கும் கட்டட வேலை பார்த்தவருக்கும் உடம்பு 60லேயே தேய்ந்துவிடுகிறது. மேசை வேலை பார்த்தவர் 70லும் தெம்பாக இருக்கிறார். இருவருக்கும் ஒரே கோடு போட்டால், உடம்பு தேய உழைத்தவர் ஓய்வூதியம் வாங்கும் ஆண்டுகள்தான் குறையும். 2023இல் பிரான்ஸ் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தச் சட்டம் கொண்டுவந்தபோது லட்சக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். அந்தக் கோபத்தின் பின்னால் இருந்த நியாயத்தில் இதுவும் ஒன்று.

வயதை மாற்றுவது ஒரு பக்கம், அதை மக்களிடம் சொல்வது இன்னொரு பக்கம். பிரிட்டனில் பெண்களின் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65ஆக உயர்த்த 1995இலேயே சட்டம் வந்தது. 2011இல் அந்த மாற்றத்தை மேலும் வேகப்படுத்தினார்கள். 1950களில் பிறந்த பெண்கள் பலருக்கு, தங்கள் ஓய்வு தள்ளிப்போயிருக்கிறது என்பதே மிகத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் சிலர் வேலையை விட்டிருந்தார்கள். உரிய நேரத்தில் தகவல் சொல்லாதது நிர்வாகத் தவறு என்று அந்நாட்டின் நாடாளுமன்றக் குறைதீர்ப்பாளர் 2021இல் அறிவித்தார். இருபது முப்பது ஆண்டுகளுக்குத் திட்டமிடும் கொள்கையில் ஒவ்வொருவருக்கும் கடிதம் அனுப்பும் வேலைகூட அடிப்படையான பகுதி.

இதையெல்லாம்விடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் செய்து சேர்க்கும் ஓய்வூதியம் சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டுமே எட்டும். விவசாயக் கூலிக்கும், வீட்டு வேலை செய்பவருக்கும், தெருவில் கடை போட்டவருக்கும் பிடித்தமும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. அதனால் வரிப்பணத்திலிருந்து எல்லா முதியோருக்கும் ஓர் அடிப்படைத் தொகை கொடுக்கும் வழியைச் சில நாடுகள் எடுத்தன. பணக்கார நாடுகள்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. நேபாளம் 1990களில் 75 வயதைத் தாண்டியவர்களுக்குச் சிறு தொகையுடன் தொடங்கியது. லெசோத்தோ 2004இல் 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும், பொலிவியா 2008இல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கொண்டுவந்தன. ஏழை என்று நிரூபித்தால்தான் பணம் என்ற நிபந்தனை வைத்தால் செலவு குறையும் என்பது வழக்கமான வாதம். நடப்பில், நிரூபிக்கக் காகிதம் இல்லாதவர்களும் அலுவலகத்துக்கு அலைய முடியாதவர்களும்தான் முதலில் விடுபடுகிறார்கள். அவர்கள்தான் கடைசி நிலை ஏழைகள். ஆகவே வயதை மட்டும் பார்த்து எல்லோருக்கும் கொடுப்பதே சரி என்று உறுதியாகச் சொல்வேன். வசதியானவர்களிடமிருந்து வரியாகத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம்.

ஜப்பான் கற்ற பாடம்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். படுக்கையில் விழுந்தவரை யார் பார்த்துக்கொள்வது?

1973இல் ஜப்பான் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவத்தை இலவசமாக்கியது. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு. ஆனால் வீட்டில் வந்து உதவுவதற்கு ஆட்களோ, பகல்நேரப் பராமரிப்பு மையங்களோ அன்று போதுமான அளவில் இல்லை. மருத்துவமனை மட்டும் இலவசம். எனவே பெரிய சிகிச்சை எதுவும் தேவைப்படாத, பார்த்துக்கொள்ள ஆள் மட்டும் தேவைப்பட்ட முதியவர்கள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் மருத்துவமனைக் கட்டிலில் தங்கினார்கள். அரசுக்குச் செலவு ஏறியது. முதியவர்களுக்கோ அது வாழ்க்கையாகவும் இல்லை. படுத்தே கிடந்ததால் நடக்க முடிந்தவர்களும் நடையை இழந்தார்கள். 1983இல் அந்த இலவசத் திட்டம் முடிவுக்கு வந்தது.

பராமரிப்பை மருத்துவத்தின் தலையில் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. அந்தப் பாடத்திலிருந்துதான் 1989இல் தங்கத் திட்டம் என்ற பத்தாண்டுத் திட்டம் வந்தது. வீட்டுக்கு வரும் உதவியாளர்கள், பகல் மையங்கள், சில நாள் தங்கும் இடங்கள் ஆகியவற்றுக்கு எண்ணிக்கை இலக்குகள் வைத்து முதலில் ஆட்களையும் இடங்களையும் உருவாக்கத் தொடங்கினார்கள். 1997இல் சட்டம் நிறைவேறியது. 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சேவை தரும் ஆட்களைத் தயார் செய்துவிட்டு உரிமையை அறிவித்தார்கள். உரிமையை முதலில் அறிவித்து ஆட்களைப் பிறகு தேடிய இடங்களில் அது காகிதத்தோடு நின்றது.

அது நடக்கும் விதம் இப்படி. 40 வயதானதும் எல்லோரும் கட்டாயமாகச் சந்தா கட்ட வேண்டும். மொத்தச் செலவில் பாதி சந்தாவிலிருந்து, பாதி வரியிலிருந்து. நடத்துவது நகராட்சிகள். உதவி தேவைப்படுபவர் விண்ணப்பித்தால் ஒருவர் வீட்டுக்கு வந்து 74 கேள்விகள் கொண்ட படிவத்தின்படி பார்க்கிறார். தானே புரண்டு படுக்க முடிகிறதா, உடை மாற்ற முடிகிறதா, இன்று என்ன மாதம் என்று தெரிகிறதா என்ற மாதிரிக் கேள்விகள். மருத்துவரின் கருத்தையும் சேர்த்து ஒரு குழு அவரை ஏழு நிலைகளில் ஒன்றில் வைக்கிறது. அந்த நிலைக்கு ஏற்ப மாதாந்திர உச்சவரம்பு. பராமரிப்பு மேலாளர் ஒருவர் குடும்பத்தோடு உட்கார்ந்து வாரத்தில் எத்தனை நாள் குளிப்பாட்ட ஆள் வர வேண்டும், எத்தனை நாள் பகல் மையம் என்று திட்டம் போடுகிறார். பயன்படுத்துபவர் செலவில் 10 சதவீதம் கொடுக்கிறார், வருமானம் அதிகம் என்றால் 20 அல்லது 30 சதவீதம்.

இதில் முக்கியமானது, பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் சம்பாதிக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. உடம்பின் நிலை மட்டுமே அளவுகோல். அதற்கு முன்பு இருந்த முறையில் நகராட்சி விசாரித்து, ஏழை, நாதியற்றவர் என்று தீர்மானித்து உதவி ஒதுக்கும். அதை வாங்குவது குடும்பத்துக்கு அவமானமாக இருந்தது. சந்தா கட்டியவர் தன் உரிமையைக் கேட்கிறார் என்று ஆனதும் அந்தக் கூச்சம் பெருமளவு விலகியது. தொடங்கியபோது தகுதி பெற்றவர்கள் சுமார் 22 லட்சம் பேர், இன்று கிட்டத்தட்ட 70 லட்சம்.

பணமாகக் கொடுப்பதா, ஆளாகக் கொடுப்பதா என்பதில் அங்கே பெரிய விவாதம் நடந்தது. குடும்பத்தார் பார்த்துக்கொண்டால் அவர்களுக்குப் பணம் கொடுக்கலாமே என்றது ஒரு தரப்பு. பெண்கள் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. பணம் கொடுத்தால் மருமகள் வீட்டிலேயே கட்டிப்போடப்படுவாள், வெளியிலிருந்து ஆள் வரும் வழியே அடைபடும் என்றன. அவர்கள் தரப்பு வென்றது.

ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. 1995இல் தொடங்கிய அதன் பராமரிப்புக் காப்பீட்டில் ஆளாகவும் வாங்கலாம், பணமாகவும் வாங்கலாம், இரண்டையும் கலந்தும் வாங்கலாம். பணமாக எடுத்தால் தொகை குறைவு. ஆனாலும் வீட்டில் இருப்பவர்களில் பெரும்பாலோர் பணத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள். அதோடு, வீட்டில் பார்த்துக்கொள்பவருக்காகக் காப்பீடே ஓய்வூதியச் சந்தாவும் கட்டுகிறது. தாயைப் பார்த்துக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொண்ட மகளின் முதுமை அதனால் வறுமையில் முடிவதில்லை, குறைந்தபட்சம் அதற்கான முயற்சி இருக்கிறது. மறுபக்கம், அந்தப் பணத்தை வைத்துக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வரும் பெண்களை வீட்டோடு தங்கவைத்து, வேலை நேரத்துக்கு வரம்பே இல்லாமல் வேலை வாங்குவதும் பரவியது. எந்த வழியை எடுத்தாலும் அதன் நிழல் எந்தப் பெண்ணின் மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டு முறைகளும் சிக்கலில்தான் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானில் 65 வயதைக் கடந்தவர் கட்டும் சராசரி மாதச் சந்தா தொடக்கத்தில் 2,911 யென், இப்போது 6,225 யென். ஆட்பற்றாக்குறை அதைவிடக் கடுமை. 2040இல் 27 லட்சத்துக்கும் அதிகமான பராமரிப்புப் பணியாளர்கள் தேவை, 2022இல் இருந்ததைவிட 5.7 லட்சம் பேர் கூடுதலாக வேண்டும் என்பது அந்நாட்டு அரசின் கணக்கு. சம்பளம் குறைவான, முதுகு ஒடியும் வேலைக்கு இளைஞர்கள் வருவதில்லை. இவ்வளவு ஏற்பாடு இருந்தும், பெற்றோரையோ துணைவரையோ பார்த்துக்கொள்வதற்காக ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் அங்கே வேலையை விடுகிறார்கள். ஒரு குடும்ப உறுப்பினருக்கு 93 நாள் பராமரிப்பு விடுப்பு எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பராமரிப்பு பல வருடம் நீளும் வேலை. அந்த 93 நாள் நீங்களே உட்கார்ந்து பார்த்துக்கொள்வதற்கு அல்ல, ஏற்பாடு செய்துகொள்வதற்கு என்று அரசு திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது.

நினைவு தவறும்போது

உடம்பு நன்றாக இருக்கும், நினைவு மட்டும் நழுவிக்கொண்டே போகும். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயில் பராமரிப்பின் அளவுகோல்களே தடுமாறுகின்றன. ஜெர்மனியின் முதல் அளவுகோல் குளிக்க, உண்ண, நடக்க எத்தனை நிமிட உதவி தேவை என்று கணக்கிட்டது. மறதிநோய் உள்ளவர் கை கால் நன்றாக இருந்து நடமாடுவார், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துவிடுவார், நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு கிளம்புவார். அவருக்கு நிமிடக் கணக்கில் உதவி குறைவு, நாள் முழுவதும் கண்காணிப்பு தேவை. 22 ஆண்டுகள் கழித்து, 2017இல்தான் அந்த முறையை மாற்றி, எவ்வளவு சுயமாக இயங்க முடிகிறது என்ற அடிப்படையில் ஐந்து நிலைகளாக்கினார்கள். புதிதாகத் திட்டமிடும் நாடுகள் இதை முதல் நாளிலேயே சேர்த்துவிடலாம், அந்த 22 ஆண்டுகளை மறுபடி வீணாக்க வேண்டியதில்லை.

2021இல் உலகில் 5.7 கோடிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களைப் பராமரிக்கும் மணி நேரங்களில் 70 சதவீதம் பெண்கள் தருவது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஜப்பான் 2005 முதல் வங்கி ஊழியர், கடைக்காரர், பள்ளிப் பிள்ளைகள் எனப் பலருக்கும் சுமார் ஒன்றரை மணி நேரப் பயிற்சி கொடுத்துவருகிறது. வழி தெரியாமல் நிற்கும் முதியவரிடம் எப்படிப் பேசுவது, எப்படி வீட்டுக்குக் கொண்டுசேர்ப்பது என்பதுதான் பாடம். ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் இதைப் படித்திருக்கிறார்கள். செலவு மிகக் குறைவு. எந்த நாடும் நாளைக்கே தொடங்கலாம்.

தடுக்க முடிந்தவற்றைத் தடுப்பதும் பராமரிப்புக் கொள்கைதான். மறதிநோயில் கிட்டத்தட்ட 45 சதவீதத்தைத் தள்ளிப்போடவோ தவிர்க்கவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2024இல் சொன்னது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை, காது கேளாமை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. காது கேட்கும் கருவியைக் காப்பீட்டில் சேர்ப்பது சின்ன முடிவாகத் தெரியலாம். கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. விழுவதும் இப்படித்தான். ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் முதியோரே அதிகம். இடுப்பெலும்பு முறிந்த பலர் பழையபடி நடப்பதில்லை. குளியலறையில் ஒரு கைப்பிடி, வழுக்காத தரை ஆகியவற்றுக்கு ஆகும் செலவையும் அறுவை சிகிச்சையும் பல ஆண்டுப் பராமரிப்பும் சேர்ந்த செலவையும் எந்த நிதியமைச்சகமும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் கைப்பிடியும் சாய்தளமும் பொருத்த அரசே மானியம் தருகிறது. அங்கே சாலைச் சந்திப்புகள் பலவற்றில் முதியவர் தன் அட்டையைக் காட்டினால் பச்சை விளக்கு சில விநாடிகள் கூடுதலாக எரியும். வீட்டைவிட்டு வெளியே போவதும் போகாமல் இருப்பதும் சில நேரம் அந்த விநாடிகளைப் பொறுத்தது.

யார் கட்டுவது?

இவ்வளவு தெரிந்தும் ஏன் நடப்பதில்லை? பெரும்பாலும் பணத்தைப் பற்றிப் பேசும் துணிச்சல் இல்லாததால்.

பிரிட்டனின் கதை இதற்குச் சரியான உதாரணம். ஒருவர் வாழ்நாளில் தன் பராமரிப்புக்காகச் செலவிடும் தொகைக்கு ஓர் உச்சவரம்பு வேண்டும் என்று 2011இல் அரசு அமைத்த டில்னட் ஆணையம் பரிந்துரைத்தது. 2014இல் இங்கிலாந்துக்கான சட்டம் வந்தது. 2016இல் தொடங்க வேண்டியது 2020க்குத் தள்ளப்பட்டது, பிறகு கைவிடப்பட்டது. 2021இல் 86,000 பவுண்டு உச்சவரம்பு என்று மறுபடி அறிவித்தார்கள். 2023 என்றார்கள், 2025 என்றார்கள். 2024 ஜூலையில் புதிய அரசு அதை ரத்து செய்தது. இதற்கு முன்பும் நடுவிலும் தேர்தல் காலத்தில் ஆளும் கட்சி பராமரிப்புச் செலவைப் பற்றிப் பேசியபோது எதிர்க்கட்சி அதற்கு வரி என்று பட்டப்பெயர் வைத்தது: 2010இல் மரண வரி, 2017இல் மறதிநோய் வரி. ஆட்சி மாறினாலும் பயம் மாறவில்லை. பதிமூன்று ஆண்டுகளில் வீட்டை விற்றுப் பராமரிப்புக்குக் கட்டிய குடும்பங்களுக்கு இந்த அறிவிப்புகளால் எந்த லாபமும் இல்லை.

ஸ்வீடன் தன் ஓய்வூதிய முறையை 1990களில் மாற்றியபோது ஐந்து கட்சிகள் 1994இல் உட்கார்ந்து பொது உடன்பாடு செய்துகொண்டன. பொருளாதாரம் சரிந்தால் ஓய்வூதியம் தானாகச் சரிக்கட்டிக்கொள்ளும் ஏற்பாட்டையும் பிறகு அந்த முறையில் சேர்த்தார்கள். 2010இல் அது உண்மையிலேயே இயங்கி ஓய்வூதியம் குறைந்தது. கோபம் வந்தது, முறை நிலைத்தது. முதியோர் கொள்கை முப்பது நாற்பது ஆண்டு நிற்க வேண்டியது. ஒரு தேர்தலுக்கும் அடுத்த தேர்தலுக்கும் இடையில் அதைத் தனியாகக் கட்ட எந்தக் கட்சியாலும் முடியாது.

காப்பீடு, வரி, சந்தா என்று பேச விரும்பாத அரசுகள் பிடிக்கும் குறுக்குவழி, பிள்ளைகள்மேல் சட்டம் போடுவது. சிங்கப்பூர் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவந்தது, இந்தியா 2007இல். பெற்றோரை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும் என்றே சீனா 2012இல் சட்டத்தில் எழுதியது. கைவிடப்பட்ட தாய்க்கு மாதம் ஒரு தொகை பெற்றுத்தர நீதிமன்றம் உதவும் என்றால் அது நல்லதுதான். ஆனால் எந்தத் தீர்ப்பாலும் ஒருவரை இரவு மூன்று மணிக்கு எழுந்து தகப்பனைப் புரட்டிப் படுக்கவைக்கச் செய்ய முடியாது. அந்த வேலையைச் செய்ய விரும்பும் பிள்ளைக்கே ஆளும் விடுப்பும் தேவைப்படுகிறது. இந்தச் சட்டங்கள் அதைத் தருவதில்லை.

பணம் கொடுத்தால் போதும், தரம் தானாக வரும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லங்களில் நடந்த கொடுமைகள் வெளிவந்த பிறகு 2018இல் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. ஊட்டமில்லாத உணவு, அமைதிப்படுத்த மருந்து கொடுத்து முடக்கிவைப்பது, படுக்கைப் புண் எனப் பக்கம் பக்கமாகப் பதிவு செய்து 2021இல் 148 பரிந்துரைகள் கொடுத்தது. இல்லங்களில் இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருக்க வேண்டும் என்ற விதி 2023இல் வந்தது. உரிமைகளை மையமாக வைத்த புதிய சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதும், புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு இருப்பதும் கொள்கையின் கடைசிப் பக்கத்து இணைப்பாகப் போய்விடக் கூடாது.

இப்போது தொடங்கும் நாடுகள்

ஜப்பான் மாதிரி ஒரு காப்பீட்டை நடுத்தர வருமான நாடு நாளையே தொடங்க முடியாது. சந்தா பிடிக்கச் சம்பளப் பட்டியலே இல்லாதவர்கள் அங்கே பாதிக்கு மேல். தாய்லாந்து 2016இல் எடுத்த வழி இங்கே கவனத்துக்குரியது. அங்கே வரிப்பணத்தில் நடக்கும் மருத்துவத் திட்டம் ஏற்கெனவே இருந்தது. கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்கள் பல பத்தாண்டுகளாக இருந்தார்கள். அந்த இரண்டின் மேல் சமூகப் பராமரிப்பைக் கட்டினார்கள். உள்ளாட்சிக்கு நிதி போகும். வீட்டோடு முடங்கியவர்களையும் படுக்கையில் இருப்பவர்களையும் கணக்கெடுத்து, 70 மணி நேரப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் ஒவ்வொருவரும் சில வீடுகளுக்குப் போய்வருவார். செவிலியர் போன்ற ஒருவர் மேற்பார்வை செய்வார். உதவும் நேரம் குறைவு, பணியாளருக்குக் கிடைக்கும் தொகையும் குறைவு. ஆனாலும் குடும்பத்துக்கு வெளியே இருந்து ஓர் ஆள் வீட்டுக்குள் வருகிறார் என்பதே பெரிய மாற்றம்.

நான் வரிசைப்படுத்தச் சொன்னால் முதலில் எல்லோருக்குமான அடிப்படை ஓய்வூதியம், கூடவே படுக்கையில் இருப்பவர்களின் கணக்கெடுப்பு. அடுத்து உள்ளாட்சிதோறும் சம்பளம் வாங்கும் வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள். காப்பீடு அதற்குப் பிறகு. முதியோர் இல்லக் கட்டடங்கள் கடைசியில் வரட்டும். டென்மார்க் 1987இலேயே பழைய பாணி முதியோர் இல்லங்கள் கட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டு உதவியிலும் முதியோருக்கேற்ற வீடுகளிலும் பணத்தைப் போட்டது. திறப்பு விழாவும் கல்வெட்டும் கட்டடத்துக்குத்தான் கிடைக்கும் என்பதால் அரசியலுக்கு இது சுவைக்காது.

பணியாளர் சம்பளத்தை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜப்பான் 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும், அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸிலிருந்தும், 2014இல் வியட்நாமிலிருந்தும் பராமரிப்புப் பணியாளர்களையும் செவிலியர்களையும் எடுக்கத் தொடங்கியது. ஐரோப்பாவும் இதே பகுதிகளில் ஆள் தேடுகிறது. வியட்நாமோ இப்போது உலகில் வேகமாக மூப்படையும் நாடுகளில் ஒன்று. அங்கே 80 வயதைத் தாண்டினால் கிடைத்துவந்த சமூக ஓய்வூதியம் 2025 ஜூலை முதல் 75 வயதிலேயே கிடைக்கிறது. இதே நாடுகளில் பயிற்சி பெற்ற பெண்களை உள்ளூர்ச் சம்பளத்தில் நிறுத்திவைக்க முடியாவிட்டால், இன்னும் பதினைந்து இருபது ஆண்டுகளில் அவர்களுடைய பெற்றோர் படுக்கையில் விழும்போது அவர்கள் வேறொரு நாட்டில் வேறொருவரின் பெற்றோரைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கான சம்பள விகிதத்தை முடிவு செய்ய வேண்டியது அந்த நாடுகளின் இப்போதைய பட்ஜெட்டுகள்.